நம் ஊர்க் கைகளுக்கு அக்ரிலிக் பவுடர் கலக்குவது எப்படி

செயற்கை நகம் போடுகிற அக்ரிலிக் பவுடர் டப்பாவில் 'நியூட்', அதாவது தோல் நிறம், என்று எழுதியிருக்கும். திறந்து பார்த்தால் ரோஸ்மில்க் கலரில் ஒரு பவுடர். அதை மாநிறக் கை ஒன்றில் போட்டுப் பாருங்கள், வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிவிட்டுக் கழுவ மறந்த விரல் போல இருக்கும். பவுடரில் கோளாறு இல்லை. கடையில் கிடைக்கும் கவர் பிங்க், அதாவது நகத்தை மூடுகிற பிங்க் பவுடர், பெரும்பாலும் வெளுத்த, ரோஜாச் சாயல் உள்ள கையை மனதில் வைத்துச் செய்தது, அவ்வளவுதான். அதை அப்படியே நம்மவர் கையில் போடுகிற பழக்கத்தைத்தான் விட வேண்டும்.

நான் காட்பாடிப் பக்கம் சின்னதாக ஒரு நெயில் ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். ஒரே நாளில் காலையில் விஐடியில் படிக்கிற டெல்லிப் பெண், மதியம் சிஎம்சியில் அப்பாவின் சிகிச்சைக்காக மாதக்கணக்கில் அறை எடுத்துத் தங்கியிருக்கிற கொல்கத்தாக்காரர், சாயங்காலம் சத்துவாச்சாரி அக்கா, கடைசியாக ராணிப்பேட்டையிலிருந்து கல்யாணப் பெண் என்று வருவார்கள். இத்தனை கைக்கும் பொருந்துகிற மாதிரி எந்தக் கம்பெனியும் டப்பா போடுவதில்லை. கலக்கத் தெரிந்தால் ஆறு டப்பாவில் வேலை முடிந்துவிடும், தெரியாவிட்டால் அறுபது வாங்கினாலும் போதாது.

முதலில் நிறத்தைப் பார்க்கும் விதம். நம் பேச்சில் சிவப்பு, மாநிறம், கறுப்பு என்று மூன்றே பெட்டிதான். இதில் 'சிவப்பு' என்பது சிவப்பும் இல்லை, வெளுப்பைத்தான் அப்படிச் சொல்கிறோம். 'நல்லா கலரா இருப்பா' என்றாலும் அதே அர்த்தம், என்னவோ மற்றவர்களுக்கு எல்லாம் கலரே இல்லாத மாதிரி. இந்த மூன்று சொல்லும் எவ்வளவு அடர்த்தி என்பதைத்தான் சொல்கின்றன, உள்ளே ஓடுகிற சாயல் என்ன என்பதைச் சொல்வதில்லை. நமக்கு வேண்டியது அந்தச் சாயல், அதாவது அண்டர்டோன். பழைய தமிழில் 'மாமை' என்று ஒரு சொல் இருந்தது, மாந்தளிரின் நிறம். மாங்கொழுந்தைக் கையில் வைத்துப் பாருங்கள், செம்பு கலந்த இளம் பழுப்பு. அண்டர்டோன் என்று இன்று நாம் தேடுகிற விஷயம் அந்த ஒரு சொல்லுக்குள் இருக்கிறது.

ஒரே மாநிறத்தில் இரண்டு பேர் பக்கத்தில் உட்கார்ந்தால் ஒருவருக்கு மஞ்சள் அடிக்கும், இன்னொருவருக்குச் செம்பு அடிக்கும். சிலருக்கு லேசான பச்சைச் சாயல், ஆலிவ் என்பார்கள். அடர் நிறக் கைகளில் சிலருக்கு நகத்துக்கு அடியில் கத்திரிப்பூ நிறம் தெரியும். மணிக்கட்டு நரம்பு பச்சையா நீலமா என்று பார்க்கிற வீடியோக்கள் நிறைய உண்டு, ஆனால் அடர் நிறத் தோலில் நரம்பே சரியாகத் தெரியாது, அதனால் அதை நம்பி உட்காராதீர்கள். கஸ்டமரின் கையை வெள்ளை ஏ4 தாள் மேல் வைத்து, வாசல் வெளிச்சத்தில் பாருங்கள். வெள்ளைக்குப் பக்கத்தில் வைத்தால்தான் மஞ்சளா, செம்பா, பச்சையா என்பது கண்ணுக்குப் பிடிபடும். ஆள் எந்த ஊர் என்பதை வைத்து முன்கூட்டி முடிவு செய்யாதீர்கள், நான் செய்து பல முறை அசடு வழிந்திருக்கிறேன்.

எங்கே பார்க்க வேண்டும் என்பது அதைவிட முக்கியம். முகத்தைப் பார்க்காதீர்கள், முகத்தில் மேக்கப் இருக்கும், புறங்கையில் வெயில் பட்ட கறுப்பு இருக்கும். நகக்கண்ணை ஒட்டிய தோலையும் நகத்துக்கு அடியில் இருக்கிற சதையையும் பாருங்கள். கவர் பவுடரின் வேலை அந்தச் சதையை நீளமாகக் காட்டுவது. அதனால் பவுடர் அந்தச் சதையின் நிறத்தில் தொடங்கி, பக்கத்துத் தோலோடு சண்டை போடாமல் இருக்க வேண்டும். நகத்தை ஒரு நொடி அழுத்தி விடுங்கள், வெளுத்துவிட்டு ரத்தம் திரும்பி வரும்போது அந்த ஆளின் உண்மையான பிங்க் என்ன என்று தெரியும். ஒரு எச்சரிக்கை: வெயிலில் ஸ்கூட்டி ஓட்டிவிட்டு வந்த கை சிவந்திருக்கும், ஏசி அறையில் வெகுநேரம் உட்கார்ந்த கை வெளிறியிருக்கும். வந்ததும் தண்ணீர் கொடுத்துப் பத்து நிமிடம் பேசிக்கொண்டிருங்கள், அப்புறம் பாருங்கள்.

பொருள் விஷயம். ஒரே பிராண்டில் க்ளியர், கவர் பிங்க், கவர் பீச், பீஜ், பழுப்பு, ஐவரி, இந்த ஆறும் போதும். திருத்தத்துக்கு மஞ்சள், சிவப்பு, நீலம் கலர் பவுடர் சின்ன டப்பாவாக ஒவ்வொன்று. ஒரே பிராண்ட் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. பவுடருக்குள் பென்சாயில் பெராக்சைடு இருக்கும், பவுடரை நனைக்கிற லிக்விடில் அதைத் தூண்டிவிடுகிற அமீன் இருக்கும், இரண்டும் சேர்ந்தால்தான் இறுகத் தொடங்கும். பெராக்சைடு எவ்வளவு என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். இரண்டு பிராண்ட் பவுடரைக் கலந்தால் ஒரே நகத்தில் ஒரு பகுதி சீக்கிரம், ஒரு பகுதி தாமதமாக இறுகி, சில நாளில் மஞ்சளாகும் அல்லது கிழங்கு மாதிரி விண்டு வரும். கலர் கிடைக்கவில்லையே என்று ஐ ஷேடோவைச் சுரண்டிப் போடுகிறவர்களும் உண்டு. வேண்டாம். அது கண் இமைக்குச் செய்த பொருள், அதிகமானால் நகத்தின் பலம் போய்விடும். எம்எம்ஏ (மெத்தில் மெதாக்ரிலேட்) இருக்கிற லிக்விடை விலை குறைவு என்று வாங்கவே வாங்காதீர்கள், அமெரிக்காவில் 1970-களிலேயே அதன் மேல் நடவடிக்கை எடுத்தார்கள். டப்பாவில் ஈஎம்ஏ (எத்தில் மெதாக்ரிலேட்) என்று தெளிவாக எழுதியிருப்பதை வாங்குங்கள்.

தராசு ஒன்று வாங்குங்கள், 0.01 கிராம் வரை காட்டுகிற பாக்கெட் சைஸ் டிஜிட்டல் தராசு. ஸ்பூன் கணக்கு வேலைக்கு ஆகாது, ஒரே ஸ்பூனில் தளர்வாக அள்ளினால் ஒரு அளவு, தட்டி அள்ளினால் ஒரு அளவு. இதை எனக்குப் பாடமாகச் சொன்னவர் என் சித்தப்பா. ராணிப்பேட்டையில் ஒரு தோல் தொழிற்சாலையில் ஃபினிஷிங் செக்‌ஷனில் இருபது வருடத்துக்கு மேல் கலர் மேட்ச் பண்ணியவர். ஆர்டர் கொடுத்தவன் அனுப்பிய துண்டுத் தோலைக் கையில் வைத்துக்கொண்டு வாசல் வெளிச்சத்துக்கும் உள்ளே விளக்குக்கும் நடையாய் நடப்பார்களாம். என் டேபிளைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "இன்னா, அளவு எழுதி வெச்சிருக்கியா?" எழுதவில்லை. ஒரே பெண்ணுக்கு ஒரே கலரை மூன்றாவது முறை கலக்க முடியாமல் திணறியபோதுதான் நோட்டு வாங்கினேன்.

இப்போது கலப்பது. பத்து கிராமுக்குக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள், நடுத்தர நீளத்தில் பத்து விரலுக்கு கவர் மட்டும் எனக்கு ஐந்து கிராமுக்குள் முடியும், மீதி அடுத்த ஃபில்லுக்கு, அதாவது நகம் வளர்ந்த இடைவெளியை நிரப்புவதற்கு. செம்பு அடிக்கிற மாநிறத்துக்கு நான் தொடங்குவது கவர் பீச் 5, பீஜ் 3.5, க்ளியர் 1, பழுப்பு 0.5. அடர் நிறத்துக்கு, நகச்சதை கத்திரிப்பூ நிறத்தில் இருந்தால், கவர் பிங்க் 3, பீஜ் 3, பழுப்பு 3, க்ளியர் 1. வெளிர் நிறம், ஆனால் மஞ்சளோ பச்சையோ அடிக்கிறது என்றால் கவர் பீச் 4, ஐவரி 3, பீஜ் 2, க்ளியர் 1. இதெல்லாம் தொடக்கம் மட்டுமே, உங்கள் பிராண்டின் பீஜ் என்னுடைய பீஜ் ஆக இருக்காது. க்ளியரை எதற்குச் சேர்க்கிறேன் என்றால், முழுக்க அடைத்துக்கொண்ட கலர் பெயிண்ட் அடித்த சுவர் மாதிரி இருக்கும், கொஞ்சம் ஊடுருவித் தெரிந்தால்தான் உயிருள்ள நகம் மாதிரி இருக்கும்.

வெளிர் பவுடரை முதலில் போட்டு அடர் பவுடரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்க வேண்டும். தலைகீழாகச் செய்தால், பழுப்பை வெளுக்கவைக்க கவர் பிங்க்கைக் கொட்டிக் கொட்டி, கடைசியில் ஊருக்கே போடுகிற அளவு பவுடர் சேர்ந்துவிடும். ரசத்தில் புளி அதிகமானபின் தண்ணீர் ஊற்றுகிற கதைதான். டப்பாவில் பாதி காலியாக இருக்கட்டும், உள்ளே சுத்தமான சின்ன கண்ணாடிக் கோலி அல்லது ஸ்டீல் குண்டு ஒன்று போட்டு இரண்டு நிமிடம் குலுக்குங்கள், அப்புறம் மெல்லிய சல்லடையில் ஒரு முறை சலித்து மறுபடி குலுக்குங்கள். சலிக்காவிட்டால் பழுப்புத் துகள் கட்டியாக நின்று நகத்தில் மச்சம் மாதிரி புள்ளி விழும். மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள், ஃபேனை நிறுத்துங்கள். மே மாத வேலூரில் ஃபேனை நிறுத்தச் சொல்வது எவ்வளவு பெரிய பாவம் என்று எனக்கும் தெரியும், ஆனாலும் நிறுத்துங்கள்.

கலந்த பவுடரை டப்பாவில் பார்த்து முடிவு செய்யவே கூடாது. லிக்விடில் நனைந்ததும் கலர் கருக்கும், இறுகியதும் கொஞ்சம் திரும்பும், ஃபைல் போட்டுத் தேய்த்ததும் மேலே வெள்ளைப் பூத்து வெளிறிப் போகும், டாப் கோட் போட்டதும் மறுபடி ஆழமாகும். இந்த நாலு நிலையும் தெரியாமல் பாதியில் பயந்து திருத்துகிறவர்கள்தான் அதிகம். அதனால் ஒரு க்ளியர் டிப்பில் (நிறமில்லாத பிளாஸ்டிக் நகம்), நீங்கள் உண்மையில் பயன்படுத்தப்போகிற அதே லிக்விடை வைத்து ஒரு பீட் (பிரஷ் நுனியில் பவுடரும் லிக்விடும் சேர்ந்த உருண்டை) எடுத்துப் போடுங்கள். சில லிக்விடுக்கு லேசான ஊதாச் சாயல் இருக்கும், அது பவுடரின் மஞ்சளைக் கொஞ்சம் அடக்கிவிடும், வேறு லிக்விடில் சோதித்தால் விடை தப்பாக வரும். பீட் எப்போதும் ஒரே ஈரத்தில் இருக்கட்டும், நான் ஒரு பங்கு பவுடருக்கு ஒன்றரைப் பங்கு லிக்விட் என்று வைத்துக்கொள்கிறேன். இறுகியதும் ஃபைல் பண்ணி, டாப் கோட் போட்டு, கஸ்டமர் நகத்தின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்து அதன் மேல் டிப்பை ஒட்டிப் பாருங்கள். அந்தச் சொட்டுத் தண்ணீர் இல்லாவிட்டால் இடையில் இருக்கிற காற்று வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பிவிடும், நகச்சதை உள்ளிருந்து தெரியாது, கலர் உண்மையில் இருப்பதைவிட வெளுத்துத் தெரியும்.

பிறகு வாசலுக்குக் கூட்டிப் போய் பாருங்கள். ஒரு முறை ஒரு கல்யாணப் பெண்ணுக்கு ராத்திரி ஒன்பது மணிக்கு கடை எல்இடி வெளிச்சத்தில் மேட்ச் பண்ணி, கச்சிதம் என்று நானே மெச்சிக்கொண்டு அனுப்பினேன். மறுநாள் காலை மண்டபத்திலிருந்து அந்தப் பெண்ணின் அக்கா அனுப்பிய போட்டோவில் பத்து நகமும் சாம்பல் தடவிய மாதிரி, கீழே "இன்னாக்கா, நகம் மட்டும் தனியா தெரியுது" என்று ஒரு வரி. வெள்ளை எல்இடியில் பொருந்தியது காலை வெயிலில் பொருந்தவில்லை. அன்றிலிருந்து ராத்திரியில் மேட்ச் பண்ணுவதில்லை, பகலில் கலந்து வைத்துவிட்டு ராத்திரி போடுவேன்.

சரி, டிப்பில் பார்த்தால் கலர் தப்பு. எப்படித் திருத்துவது? முதலில் கறுப்புப் பவுடரை எடுத்துப் பூட்டி வையுங்கள். அடர்த்தி போதவில்லை என்று கறுப்பைச் சேர்த்தால், கவர் பீச்சில் இருக்கிற மஞ்சளோடு அது சேர்ந்து பாசி நிறம் அடிக்கும், பிணத்தின் விரல் போல ஆகிவிடும். அடர்த்திக்கு எப்போதும் பழுப்புதான். பவுடர்களில் இருக்கிற பழுப்பு பெரும்பாலும் இரும்பு ஆக்ஸைடிலிருந்து வருவது, கோலத்தைச் சுற்றி இழுக்கிற காவிக்கும் அதே அடிப்படை, அதனால் நம் தோலோடு அது சொந்தக்காரர் மாதிரி ஒட்டிக்கொள்ளும். அடுத்தது வெள்ளை. சாம்பல் பூத்துத் தெரிந்தால் வெள்ளையோ ஐவரியோ கூடிவிட்டது என்று அர்த்தம், அதற்கு மருந்து பழுப்போடு ஒரு துளி சிவப்பும் கொஞ்சம் க்ளியரும். ஆரஞ்சு தூக்கினால் நீலம், ஆனால் ஊசி முனையில் எடுக்கிற அளவு. பழுப்பு என்பதே இருட்டாக்கிய ஆரஞ்சுதான், அதனால் ஆரஞ்சை நீலத்தால் அமுக்கினால் அது பழுப்பை நோக்கி நகரும். பபிள்கம் மாதிரி பிங்க் தூக்கினால் மஞ்சள் ஒரு துளி, அது பீச் ஆகும். ஆலிவ் கைகளுக்குப் பெரும்பாலும் இதுதான் தேவைப்படும். மஞ்சள் காமாலை மாதிரி தெரிந்தால் சிவப்பும் நீலமும் சேர்ந்த ஊதா ஒரு துளி. துளி என்று நான் சொல்வது பத்து கிராமுக்கு 0.02, 0.03 கிராம். ஒவ்வொரு திருத்தத்துக்கும் புது பீட், புது டிப். இது சலிப்பான வேலை, குறுக்கு வழி எனக்குத் தெரிந்து இல்லை.

மருதாணி விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும், நம் ஊர் கல்யாணத்தில் அது இல்லாமல் முடியாது. மருதாணியில் இருக்கிற லாசோன் என்கிற சாயம் நகத்தின் கெரட்டின் புரதத்தோடு பிடித்துக்கொள்ளும், கழுவினால் போகாது, நகம் வளர்ந்துதான் போக வேண்டும், நகமோ மாதத்துக்கு மூன்று மில்லிமீட்டர் அளவுதான் வளரும். ஏற்கெனவே மருதாணி பிடித்த நகத்தின் மேல் மெல்லிய கவர் போட்டால் அடியிலிருந்து ஆரஞ்சு எட்டிப் பார்க்கும். அங்கே பீச்சைக் குறைத்து பிங்க்கைக் கூட்டி, க்ளியரை நிறுத்திவிடுங்கள். இனிமேல்தான் மருதாணி வைக்கப்போகிறார் என்றால் கணக்கு வேறு. விரல் நுனிக்குத் தொப்பி மாதிரி வைப்பார்கள், ஒன்றிரண்டு நாளில் அது நன்றாகக் கருஞ்சிவப்பு ஏறும். வெறும் விரலுக்கு மேட்ச் பண்ணிய நகம் அந்தச் சிவப்புக்கு நடுவே வெளிறித் தெரியும். முடிந்தால் மருதாணி ஏறியபிறகு வரச் சொல்லுங்கள், முடியாவிட்டால் ஒரு படி அடர்த்தியாக, கொஞ்சம் சிவப்புத் தூக்கலாகக் கலந்து வையுங்கள். 

பெண்ணின் அம்மா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு "கொஞ்சம் கலரா தெரியற மாதிரி போடுமா" என்பார். வாதம் செய்யாதீர்கள். இரண்டு டிப் தயார் செய்து, ஒன்று அவர் கேட்ட வெளிர், இன்னொன்று பொருந்துகிற நிறம், ஒரே கையில் அடுத்தடுத்த விரலில் வைத்து வாசலில் காட்டுங்கள். வெளிர் நகம் பக்கத்துத் தோலை இன்னும் கருக்கிக் காட்டும், பொருந்துகிற நகம் விரலை நீளமாகக் காட்டும். அவரே இரண்டாவதைத் தொடுவார்.

வெயில் காலத்தில் இன்னொரு தொல்லை. நாற்பது டிகிரியைத் தாண்டுகிற அக்னி நட்சத்திரத்தில் அக்ரிலிக் மின்னல் வேகத்தில் இறுகும், நகக்கண் ஓரத்தில் மெல்லியதாக இழுப்பதற்குள் கெட்டியாகி, அந்த இடத்தில் கலர் திட்டுத் திட்டாக நிற்கும். பவுடர் சரியாகக் கலக்கவில்லையோ என்று தோன்றும், அது இல்லை. லிக்விடைச் சின்னக் கிண்ணத்தில் கொஞ்சமாக ஊற்றி மூடி வைத்துப் பயன்படுத்துங்கள், அறை 24 டிகிரி பக்கம் இருக்கட்டும், பீட் சின்னதாக எடுங்கள்.

பவுடருக்குப் பதிலாக, லேம்ப் வெளிச்சத்தில் இறுகுகிற ஜெல்லில் கலக்குகிறவர்களுக்குச் சுருக்கமாக. கலர் தத்துவம் அதேதான். ஒரே பிராண்ட் ஜெல், அந்த பிராண்ட் சொன்ன லேம்ப். ஜன்னலை மூடிவிட்டுக் கலக்குங்கள், வெயில் பட்டால் பாலெட்டிலேயே இறுகும். அடித்துக் கலக்காமல் மெதுவாகப் புரட்டுங்கள், இல்லாவிட்டால் குமிழி. பழுப்பு கூடக் கூட ஒளி அடிவரை இறங்காது, அதனால் மெல்லிய கோட்டாக இரண்டு மூன்று. சரியாக இறுகாத ஜெல் தோலில் படப்பட அலர்ஜி வரும், வந்துவிட்டால் பெரும்பாலும் வாழ்நாள் முழுக்க, கஸ்டமருக்கும் வரும் உங்களுக்கும் வரும். நைட்ரைல் கையுறை போடுங்கள்.

கலர் போட்டு மறைக்கக் கூடாதவையும் உண்டு. அடர் நிறம் உள்ளவர்களுக்குப் பல விரல்களில் நீளவாக்கில் பழுப்புக் கோடு இருப்பது சகஜம். ஆனால் ஒரே ஒரு நகத்தில் புதிதாக வந்த கறுப்புக் கோடு, அகலமாகிக்கொண்டே போகிறது என்றால் தோல் மருத்துவரைப் பார்க்கச் சொல்லி அனுப்புங்கள். பச்சைத் திட்டு, நகம் சதையிலிருந்து தூக்கியிருப்பது, இதெல்லாமும் அப்படியே. நர்ஸ் வேலை பார்ப்பவர்களுக்கு எக்ஸ்டென்ஷனே போடாதீர்கள், நோயாளியைத் தொடுகிற கையில் செயற்கை நகத்தில் கிருமி தங்கும் என்பதால் பல மருத்துவமனைகள் அனுமதிப்பதில்லை. இந்த ஊரில் வருகிறவர்களில் பாதிப் பேர் ஆஸ்பத்திரி சம்பந்தப்பட்டவர்கள் என்பதால் நான் முன்பே கேட்டுவிடுவேன், அடுத்த வாரம் உங்களுக்கே ஆபரேஷன் ஏதாவது இருக்கிறதா என்று. ஆக்சிஜன் பார்க்கிற கிளிப் விரலில் மாட்டும்போது கவர் பவுடர் இடைஞ்சல், கழற்றச் சொல்வார்கள்.

கடைசியாக நோட்டு. கஸ்டமருக்கு ஒரு பக்கம். தேதி, பிராண்ட், லிக்விட், ஒவ்வொரு பவுடரும் எத்தனை கிராம், என்ன திருத்தம், எந்த வெளிச்சத்தில் பார்த்தது. சோதித்த டிப்பையே டேப் போட்டு அந்தப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். இப்படி டிப் ஒட்டிய பக்கம் இருந்தால் கஸ்டமர் மூன்று வாரம் கழித்து ஃபில்லுக்கு வரும்போது பழைய கலருக்கும் புதுக் கலருக்கும் நடுவே கோடு விழாது. அப்படியே போட்டுவிடாமல் அன்றும் ஒரு முறை கையைப் பாருங்கள், ஏனென்றால் மே மாதக் கையும் டிசம்பர் கையும் ஒன்று இல்லை. என் நோட்டில் ஒரு சத்துவாச்சாரி அக்காவின் பக்கத்தில் இரண்டு டிப் ஒட்டியிருக்கிறேன், ஒன்றுக்குக் கீழே 'மார்கழி', இன்னொன்றுக்குக் கீழே 'கத்திரி, பழுப்பு 0.3 கூட'.